தாசனதொட்டிக்காரர் வெட்டிய குளங்கள்





அக்டோபர் 17, காமேகவுடாவின் நினைவு நாள். 2022ஆம் ஆண்டு அந்தத் தேதியில், எண்பது வயதைக் கடந்திருந்த அந்தப் பெரியவர் காலமானார். மண்டியா மாவட்டம், மளவள்ளி தாலுகாவில் இருக்கும் தாசனதொட்டி அவருடைய ஊர். மைசூருக்குப் பக்கம்தான், பன்னூர் வழியாகப் போகிற பேருந்தில் ஏறினால் மளவள்ளி வந்துவிடும். ஆடு மேய்ப்பது அவர் தொழில். மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பெரிய குடும்பம். பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை. பதவி எதிலும் இருந்ததில்லை. அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான்: ஆடு மேய்க்கப் போன குன்றில் குளம் வெட்டினார். ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வெட்டினார்.

இந்த மாத ஆசிரியர் பக்கத்தை அவருக்கே கொடுத்துவிட நினைக்கிறேன். அவரைப் பற்றி உங்களில் பலர் முன்பே படித்திருப்பீர்கள். 2020 ஜூன் 28 அன்று பிரதமர் தம் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் அவரைச் சொன்னார். அதன்பின் நாடு முழுவதும் பெயர் பரவியது. செய்தியாகப் படித்து, வியந்து, நகர்ந்துவிட்ட ஒருவரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் அந்த மண்ணைச் சொல்கிறேன். மண்டியா என்றாலே நம் மனத்தில் கரும்பும் நெல்லும் வரும். கிருஷ்ணராஜ சாகர் அணை வேலை 1911இல் தொடங்கி 1932 வாக்கில் முடிந்தது. விஸ்வேஸ்வரய்யா கால்வாய் ஓடத் தொடங்கியதும் அந்தச் சீமையே பச்சையானது. 1933இல் மண்டியாவில் சர்க்கரை ஆலை வந்தது. ஆனால், கால்வாய்த் தண்ணீர் பள்ளத்துக்குத்தான் பாயும், மேட்டுக்கு ஏறாது. மளவள்ளிப் பக்கத்து மேட்டு நிலங்கள் மழையை நம்பியே இருப்பவை. ராகி, கொள்ளு, அவரை, இடையிடையே பட்டுப்புழுவுக்கான மல்பெரி. அதற்கும் மேலே, பாறையும் முட்புதருமான குன்றுகள். அந்தக் குன்றுகளில் நடமாடுபவர்கள் ஆட்டுக்காரர்களும் விறகுக்குப் போகிறவர்களும்தான்.

ஆடு வளர்ப்புக்குப் பேர்போன தாலுகா அது. ‘பன்னூர் ஆடு’ என்று மைசூரு முழுக்கப் பெயர் பெற்ற குட்டையான, கட்டுமஸ்தான செம்மறி இனத்தின் தாய் ஊர் மளவள்ளி தாலுகாவின் பண்டூர் கிராமம்தான். அங்கே ஆடு என்பது வங்கிச் சேமிப்புக்குச் சமம். கல்யாணம், வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு என்று எந்தச் செலவு வந்தாலும் பட்டியிலிருந்து இரண்டு ஆடு சந்தைக்குப் போகும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காமேகவுடா ஆடு விற்ற கதை பின்னால் வருகிறது.

குந்தினி பெட்டா என்ற அந்தக் குன்றில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒருநாள் தாகம் எடுத்தது. குன்றில் எங்கும் தண்ணீர் இல்லை. கீழே இறங்கி ஒரு வீட்டில் வாங்கிக் குடித்தார். குடித்த பிறகு அவருக்கு ஒரு நினைப்பு வந்தது. நமக்குக் கால் இருக்கிறது, வாய் இருக்கிறது. இறங்கிப் போய்க் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டோம். இந்தக் குன்றில் இருக்கும் பறவைகளும் காட்டு விலங்குகளும் யாரிடம் போய்க் கேட்கும்? அவர் பிற்காலத்தில் தம்மைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னது இந்த ஒரு காரணத்தைத்தான். நிலத்தடி நீர், சூழலியல் என்ற பேச்செல்லாம் அவரைத் தேடி வந்தவர்கள் கொண்டுவந்தவை. அவருக்கு அது தாகத்தின் விஷயம்.

ஈரம் தெரிந்த இடமாகப் பார்த்து, கையில் இருந்த ஆட்டுக்கோலாலேயே தோண்டத் தொடங்கினார். கோலுக்கு மண் எவ்வளவு அசையும்? மண்வெட்டியும் கடப்பாரையும் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். சில ஆடுகளை விற்றார். சேமிப்பைக் கலைத்துக் கடப்பாரை வாங்கிய மனிதரை ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பைத்தியம் என்றார்கள். சொந்தபந்தமே சலித்துக்கொண்டது. அவர் பதில் பேசிக்கொண்டிருக்கவில்லை. அதிகாலையில், ஆடுகளை ஓட்டிப் போவதற்கு முன் கொஞ்சம் வெட்டுவார். மேய்ச்சல் முடிந்து பட்டியில் அடைத்த பிறகு கொஞ்சம் வெட்டுவார். இடையில் கிடைக்கும் பகல் பொழுது ஆடுகளுக்கு. அதுதான் குடும்பத்துக்கான சோறு.

இந்த வேலையின் கனத்தைக் கணக்கில் பார்த்தால்தான் புரியும். நீளம் பத்து மீட்டர், அகலம் பத்து மீட்டர், ஆழம் இரண்டு மீட்டர் என்று ஒரு சின்னக் குட்டையை எடுத்துக்கொள்வோம். 200 கன மீட்டர் மண் வெளியே வர வேண்டும். ஒரு கன மீட்டர் மண்ணே ஏறத்தாழ ஒன்றரை டன் எடை. கல்லும் மண்ணும் கலந்த குன்றுத் தரையில் நல்ல பலசாலி நாள் முழுக்க வெட்டிச் சுமந்தாலும் ஒன்றிரண்டு கன மீட்டருக்கு மேல் போகாது. அப்படியானால் இந்த ஒரு குட்டைக்கே முழுநாள் வேலையாக நூறு நாளுக்கு மேல் ஆகும். காலையும் மாலையும் கிடைக்கிற சில மணி நேரத்தில் செய்தால் ஒரு வருடம் ஓடிவிடும். வயது ஏறிய பிறகு அவர் ஆட்களை வைத்தும், இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தும் வெட்டினார். அதற்கான பணமும் ஆட்டிலிருந்து வந்ததுதான். பிறகு விருதுகளோடு பணம் வந்தபோது அதையும் குளத்திலேயே போட்டார்.

குளங்களின் எண்ணிக்கையை 14 என்று எழுதியவர்கள் உண்டு. பிரதமர் 16 என்றார். சின்னதும் பெரியதுமாக, ஒன்றன்பின் ஒன்றாகக் குன்றுச் சரிவில் அமைந்தவை அவை. மேலே இருப்பது நிரம்பினால் வழிகிற தண்ணீர் கீழே இருப்பதற்கு இறங்கும். நம் ஊர்களில் மேல் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போய்ச் சேருகிறதே, அதே முறை. இதை அவருக்கு எந்தப் பொறியாளரும் சொல்லித்தரவில்லை. மழை பெய்யும்போது குன்றில் நின்று தண்ணீர் போகும் வழியைப் பல ஆண்டுகள் பார்த்திருந்தார். ஆட்டுக்காரனுக்குத் தெரியாத சரிவு ஏது?

சரிவில் குட்டை வெட்டுவதால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். மண்டியா மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக எழுநூறு மில்லிமீட்டரை ஒட்டி மழை கிடைக்கிறது. அப்படியானால் ஒரு ஏக்கர் நிலத்தில் ஆண்டு முழுவதும் விழும் நீர் சுமார் 28 லட்சம் லிட்டர். பாறைக் குன்றில் இதில் பெரும்பகுதி நிற்பதே இல்லை; விழுந்த வேகத்தில் மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடும். வழியில் ஒரு பள்ளம் இருந்தால் ஓட்டம் தணிகிறது, மண் படிகிறது, நீர் தேங்குகிறது, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குகிறது. மழை நின்று வாரங்கள் ஆன பிறகும் ஆட்டுக்கும் மானுக்கும் மயிலுக்கும் வாய் வைக்கத் தண்ணீர் இருக்கிறது. கரையைச் சுற்றி அவர் ஆலங்கன்றுகளும் நட்டார். ஆலின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நிழல், நீர் ஆவியாவதைக் குறைக்கும். பழம், பறவைகளை வரவழைக்கும். ஒரு காரியம் செய்தால் அதோடு நான்கு காரியம் சேர்ந்து நடக்க வேண்டும் என்கிற விவசாயியின் புத்தி அது.

என்னை மிகவும் தொட்டது அந்தக் குளங்களுக்கு அவர் வைத்த பெயர்கள். தெய்வங்களின் பெயரை வைத்தார். தம் பேரப்பிள்ளைகளின் பெயரையும் வைத்தார். பேரக்குழந்தைக்கு நகையோ நிலமோ எழுதி வைக்கிற தாத்தாக்களை நமக்குத் தெரியும். இவர் பொதுக் குன்றில், யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீருக்குப் பேரப்பிள்ளையின் பெயரை வைத்தார். குளத்தை வீட்டுச் சொத்தாக்கிக்கொள்வதற்காக அப்படிச் செய்யவில்லை. வீட்டைக் குளத்தோடு உறவாக்கிவிட்டார். அந்தப் பிள்ளை வளர்ந்து ஆளாகும்போது, தன் பெயரில் இருக்கும் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருமுறையாவது ஏறிப் பார்க்காமல் இருக்க முடியுமா?

பொதுக்காரியம் செய்கிறவர் என்றால் குடும்பத்தைக் கவனிக்காதவர் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. “அவனுக்கென்ன, வீடு வாசல் இல்லாதவன், ஊர் வேலை பார்க்கிறான்” என்பார்கள். அல்லது எல்லாவற்றையும் துறந்த மகான்கள் செய்ய வேண்டிய வேலை அது என்று நினைத்து ஒதுங்கிக்கொள்வோம். இரண்டும் நமக்கு வசதியான நினைப்பு. காமேகவுடா அந்த வசதியைக் கெடுத்துவிடுகிறார். அவருக்கு மனைவி இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள், விடிந்தால் ஓட்டிப் போக வேண்டிய ஆடுகள் இருந்தன. கடமைகள் ஓய்ந்த பிறகு பார்க்கலாம் என்று அவர் வைத்திருக்கவில்லை. அப்படி வைத்திருந்தால் ஒரு குளம்கூட வந்திருக்காது. ஆட்டோடு போகிற வழியிலேயே குளம் இருந்தது. தொழிலும் தொண்டும் ஒரே குன்றில் நடந்தன.

பாராட்டுகள் வந்தபோது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். கர்நாடக அரசின் ராஜ்யோத்சவ விருது கிடைத்தது. வானொலி உரைக்குப் பிறகு, வாழ்நாள் முழுவதும் இலவசமாகப் பயணம் செய்ய மாநிலப் போக்குவரத்துக் கழகம் பாஸ் கொடுத்தது. தாசனதொட்டிக்கு வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். இந்த அங்கீகாரங்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கிராமத்து மனிதர் ஒருவரின் உழைப்பைத் தேசம் நிமிர்ந்து பார்த்தது நல்ல விஷயம். ஆனால், கைதட்டும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் ஏன் தனியாக வெட்ட வேண்டியிருந்தது?

குளம் வெட்டுவதும் காப்பதும் நம் மண்ணில் ஒருபோதும் ஒற்றை ஆளின் வேலையாக இருந்ததில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபைக்கு உறுப்பினரைக் குடவோலையில் தேர்ந்தெடுத்த முறையைப் பற்றி அவற்றைக் காட்டித்தான் பெருமையாகப் பேசுவோம். அந்தச் சபையில் ஏரிக்கென்றே ‘ஏரி வாரியம்’ இருந்ததை அதே பெருமையோடு நினைக்க வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏரியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஊர் ஆள் நியமித்தது. பிற்காலத்தில் குடிமராமத்து என்று ஊரே திரண்டு வாய்க்காலையும் கரையையும் சீர்செய்யும் வழக்கம் இருந்தது. மடை திறந்து மூடுவதற்குத் தமிழ்நாட்டில் நீர்க்கட்டி உண்டு; கர்நாடகத்தில் நீருகண்டி உண்டு. இரு பக்கத்திலும் ஒரே மாதிரி ஏற்பாடுதான்.

மைசூரு வட்டாரமே இதற்குச் சாட்சி. பாண்டவபுரத்தை அடுத்த தொண்டனூரில் பரந்து கிடக்கும் ஏரியை அமைத்தவர் ராமாநுஜர் என்பது அங்குள்ள மரபு. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து, மேல்கோட்டையில் வந்து தங்கியவர், கோயிலோடு ஏரியையும் விட்டுச் சென்றதாக மக்கள் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். மைசூரு நகருக்குள்ளே காலை நடைக்கு ஆயிரக்கணக்கானோர் போகும் குக்கரஹள்ளி ஏரி 1864இல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் உருவானது. அதுவும் நகருக்கு வெளியே இருந்த உழவர்களின் வயலுக்காகத்தான். இன்று தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள், கர்நாடகத்தில் 36,000க்கும் மேற்பட்ட ஏரிகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அரசர் தொடங்கியது, ஆசாரியர் தொடங்கியது, ஊர் தொடங்கியது என்று ஆரம்பம் எப்படி இருந்தாலும், அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் கரையோரத்துக் குடும்பங்கள்.

அந்தக் கூட்டு உழைப்பு எப்படிக் கலைந்தது என்பது நமக்குத் தெரிந்த கதைதான். ஏரிகள் வருவாய்த் துறைக்கும் பொதுப்பணித் துறைக்கும் போயின. ‘நம்ம ஏரி’ என்று சொன்ன ஊர், மனு எழுதப் பழகியது. ஆழ்துளைக் கிணறு வந்ததும், ஏரி நிரம்பாவிட்டால் என்ன என்ற துணிச்சலும் வந்தது. வரத்துக்கால் தூர்ந்தது. நீர்ப்பிடிப்பில் வீடுகள் வந்தன. ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரைத் தனியாக இழுக்க ஒருவர் புறப்பட்டபோது, அவரைப் பைத்தியம் என்றோம். அவர் இழுத்து முடித்த பிறகு மாலை போட்டோம். காமேகவுடாவை மனமார வணங்குகிறேன். அதோடு, அவருடைய தனிமைக்கு நாமெல்லோரும் பொறுப்பு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவரைப் போன்றவர்கள் வேறு மண்ணிலும் உண்டு. பீகாரின் கெஹ்லௌர் கிராமத்தில் தசரத் மாஞ்சி உளியும் சுத்தியலும் கொண்டு இருபத்திரண்டு ஆண்டுகள் மலையைக் குடைந்து ஊருக்கு வழி செய்தார். ராஜஸ்தானின் ஆல்வாரில் ராஜேந்திர சிங் ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு பழைய ‘ஜோஹட்’ குட்டைகளை மீட்டார். 2001இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் யாகூபா சவடோகோ என்ற விவசாயி, காய்ந்து இறுகிய நிலத்தில் சிறு குழிகள் வெட்டி, எருவிட்டு, மழைநீரைப் பிடித்துப் பயிரும் காடும் வளர்த்தார். அவரையும் ஊரார் முதலில் பைத்தியம் என்றுதான் சொன்னார்கள். மண்டியாவுக்கும் புர்கினா ஃபாசோவுக்கும் இடையில் ஒரு கடலே இருக்கிறது. ஆனால் ஏச்சு ஒன்றாகவே இருக்கிறது. அவர்கள் அதைத் தாங்கிய விதமும் ஒன்றாகவே இருக்கிறது.

இவர்களில் ராஜேந்திர சிங்கின் வழியில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அவர் தனியாக மண்வெட்டி எடுத்தாலும், விரைவில் ஊர் அவரோடு சேர்ந்தது. அதனால்தான் ஒரு கிராமத்தின் குட்டை பல கிராமங்களின் வேலையாகப் பெருகியது. நம் பக்கத்திலும் அப்படி நடந்திருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்த பிறகு, பேராவூரணிப் பகுதி இளைஞர்கள் சோர்ந்து உட்காரவில்லை. 2019இல் தங்கள் பெரியகுளத்தைத் தூர்வாரக் கிளம்பினார்கள். உள்ளூர்க்காரர்கள் தந்த பணம், வெளிநாட்டில் இருந்த ஊர்ப் பிள்ளைகள் அனுப்பிய பணம் எல்லாம் சேர்ந்தது. காவிரியின் கடைமடையில் நடந்த அந்த வேலையும், காவிரிப் படுகையின் மேட்டில் காமேகவுடா செய்த வேலையும் ஒரே வேலை.

காவிரி என்றதும் நம் குரல் உயரும். எனக்கும் அது தெரியும். மைசூரில் வாழும் தமிழர்களுக்கு அந்தப் பதற்றம் செய்தித்தாளில் மட்டும் வருவதில்லை. கடைத்தெருவில், பேருந்தில், பிள்ளைகளின் பள்ளியில் வரும். நீதிமன்றங்கள் தீர்க்க வேண்டியதை அவை தீர்க்கட்டும். உரிமையை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால், குந்தினி பெட்டாவில் ஒரு குட்டை நிரம்பினால் அதில் யாருக்கும் வழக்கு இல்லை. மேட்டில் மண் அரிப்பு குறைந்தால் கீழே அணைக்குள் வண்டல் சேர்வதும் குறையும். மேலே நிலத்துக்குள் இறங்கிய நீர் மெல்லக் கசிந்து ஓடையாகிக் கீழே வரும். சேலம், ஈரோடு, தர்மபுரிப் பக்கத்துக் குடும்பங்கள் பரம்பரையாக மாதேஸ்வரன் மலைக்குப் போய் வருகின்றன. கன்னடத்துப் பக்தரும் தமிழ்ப் பக்தரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சாமி விஷயத்தில் கூடுகிற அந்த உறவு, சின்னக் குளங்கள் விஷயத்திலும் கூடலாமே என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

காமேகவுடாவின் தாலுகாவிலேயே இன்னொருவரும் இருக்கிறார். கிருகாவலு ஊரைச் சேர்ந்த சையத் கனி கான். தம் நிலத்தில் நூற்றுக்கணக்கான பாரம்பரிய நெல் ரகங்களை ஆண்டுதோறும் விதைத்துக் காத்துவருகிறார். பாட்டன் காலத்து மாந்தோப்பையும் பேணிவருகிறார். அவர் செய்வதைக் கேட்கும்போது நம் ஆதிரெங்கத்து நெல் ஜெயராமன் நினைவுக்கு வருகிறார். 2018 டிசம்பர் 6இல் அவர் மறைந்தபோது, அவர் மீட்ட விதைகள் தமிழ்நாடு முழுக்க எத்தனையோ வயல்களில் இருந்தன. வாங்கிப்போகும் விவசாயி இரண்டு கிலோ விதைக்கு அடுத்த ஆண்டு நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாட்டால் அது பரவியது. விதையைக் காத்தவருக்கு இந்த வசதி உண்டு: அவர் போன பிறகும் விதை கை மாறிக் கை மாறி வாழும்.

குளத்துக்கு அந்த வசதி இல்லை. குளம் தானாகப் பெருகாது, விட்டால் தூர்ந்துவிடும். ஒவ்வொரு மழையும் தண்ணீரோடு வண்டலையும் கொண்டுவரும். கவனிப்பாரில்லாத குட்டை, சில ஆண்டுகளில் தரையோடு தரையாகிவிடும். ஆகவே குளம் வெட்டியவரை நினைப்பதற்கு வழி ஒன்றுதான்: ஆண்டுக்கொருமுறை யாராவது மண்வெட்டியோடு போக வேண்டும். சிலை வைத்தால் நின்றுகொண்டிருக்கும். சாலைக்குப் பெயர் வைத்தால் பலகை இருக்கும். குளத்துக்கு மட்டும் ஆள் வேண்டும். காமேகவுடா தம் நினைவை அப்படி ஒரு பொருளில் விட்டுச் சென்றிருக்கிறார்.

இதனால்தான் அவரை ஒரு அதிசய மனிதராகத் தூக்கி வைக்க எனக்கு மனமில்லை. அதிசயம் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை இல்லை. அவர் காலையில் கொஞ்சமும் மாலையில் கொஞ்சமும் செய்தார்; நம்மில் பெரும்பாலோருக்கு வாரத்தில் ஒரு காலை கிடைக்கும். அவர் ஒரே ஆளாகச் செய்தார். நாம் பத்துப் பேர் சேர்ந்தால் அவர் பட்ட பாட்டில் ஒரு பங்குகூட நமக்கு வராது. ஆடு விற்க வேண்டாம். வீட்டில் சண்டை வர வேண்டாம். அவர் கொடுத்த விலையைக் கொடுக்காமலேயே அவர் செய்த வேலையைச் செய்யும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்குச் சில வார்த்தைகள். புதுக்குளம் வெட்டுவதைவிட இருப்பதைக் காப்பது எளிது. பலனும் சீக்கிரம் தெரியும். உங்கள் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரோடு நடந்து பாருங்கள். ஆடு மேய்ப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது; அவருக்கு ஒவ்வொரு பள்ளமும் தெரியும். பெரும்பாலும் குளம் கெட்டிருக்காது, வரத்துக்கால்தான் அடைபட்டிருக்கும். பிளாஸ்டிக்கும் புதரும் ஒரு மண்மேடும் நீக்கினால் போதும் என்ற நிலையில் இருக்கும் குளங்கள் ஏராளம். பெரிய வேலை என்றால் ஊராட்சியிடம் முறையாக அனுமதி கேளுங்கள். கிராம சபையில் எழுந்து பேசுங்கள். கோடையில் தூர்வாருங்கள், மழைக்கு முன் கரையைப் பாருங்கள், மழையில் கன்று நடுங்கள். நகரத்தில் இருக்கும் வாசகர்கள், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துப் போய்க் குளக்கரையைக் காட்டுங்கள். தாத்தா பெயரையோ பாட்டி பெயரையோ சொல்லி அங்கே ஒரு ஆலங்கன்று வைக்கச் சொல்லுங்கள். காமேகவுடா கண்டுபிடித்த உபாயம் அது. உறவு இருக்கிற இடத்துக்குப் பிள்ளைகள் திரும்பி வருவார்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ஒவ்வொரு ஊரிலும் ஒரு காமேகவுடா இருந்திருப்பார். கோயில் திருவிழாவை இழுத்துப்போட்டுச் செய்தவர், பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர், எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நின்றவர், மடை அடைபட்டால் யாரும் கூப்பிடாமலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியவர். வீட்டுக்கு அவர் நல்ல அப்பா, வயலுக்கு நல்ல உழவர், ஊருக்கு நல்ல மனிதர். அவர் பெயரை எந்த வானொலியும் சொல்லியிருக்காது. அவரோடு வேலை செய்தவர்கள் இருக்கும்போதே அவர் செய்ததை எழுதி வைக்க வேண்டும். அவர்களும் போய்விட்டால் கேட்டுச் சொல்ல ஆள் இருக்காது. எழுதி அனுப்புங்கள். பெரிய நடை வேண்டாம், அலங்காரம் வேண்டாம். அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார், வீட்டார் என்ன சொன்னார்கள், இப்போது அந்த வேலையை யார் பார்க்கிறார்கள் என்ற நான்கு விவரம் இருந்தால் போதும். வரும் இதழ்களில் இடம் ஒதுக்குகிறோம்.

கடைசிக் கேள்விக்கு, அதாவது இப்போது அந்த வேலையை யார் பார்க்கிறார்கள் என்பதற்கு, “யாரும் இல்லை” என்று எழுத நேர்ந்தால் தயங்காமல் அப்படியே எழுதுங்கள். எழுதிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்கே என்ன செய்யலாம் என்று தோன்றியது என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்காகத்தான் நான் அதிகம் காத்திருப்பேன்.

வடகிழக்குப் பருவமழை நல்லபடியாகப் பெய்யட்டும். ஊர்தோறும் நீர்நிலைகள் நிரம்பட்டும். உங்கள் எல்லோர் வீட்டிலும் நலம் பெருகட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்